பிராக்டீஸில் புலி... மேட்ச்சில் எலியா? இளம் வீரர்களுக்கு ஒரு மனஉறுதி கையேடு!

நெட்ஸில் உங்களை அவுட்டாக்குவதற்குள் பௌலர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆனால், மாவட்டப் போட்டி என்று இறங்கினால் மூன்றாவது பந்திலேயே பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வருவீர்கள். வாலிபால் பயிற்சியில் சர்வீஸ் எல்லாம் நச்சென்று கோட்டுக்குள் விழும். ஸ்கோர் 23-23 என்று வந்து நின்றால், அதே கை பந்தைக் கொண்டுபோய் நெட்டில் அடிக்கும். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. "பிராக்டீஸ்ல புலி, மேட்ச்னு வந்தா எலி" என்று யாரோ பின்னால் சொன்னது காதிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இது உங்களுக்கு நடந்திருக்கிறதா? அப்படியென்றால் தொடர்ந்து படியுங்கள். பள்ளி அணியோ, கல்லூரி அணியோ, ஊர்க் கபடி டீமோ, எதில் ஆடினாலும் சரி.

இந்த மாதிரி சமயத்தில் நம்ம ஊரில் உடனே கிடைக்கும் அட்வைஸ், "மனசைக் கல்லாக்கிக்கோ." எப்படி ஆக்குவது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். உலகத்தின் டாப் வீரர்களுக்கும் மனசு ஒன்றும் கல் கிடையாது. அவர்களுக்கும் வயிற்றைக் கலக்குகிறது, கை நடுங்குகிறது, தோற்றால் அழுகை வருகிறது. ஒரு தப்பு நடந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் ஆட்டத்துக்குள் திரும்பி வருகிறார்கள் என்பதில்தான் அவர்கள் நம்மைவிட வேறுபடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் மனஉறுதி என்று நாம் பேசப்போவது அந்தத் திரும்பி வருதலைப் பற்றித்தான். கவர் டிரைவ் மாதிரி, சர்வீஸ் மாதிரி, அதையும் பழக முடியும்.

குகேஷ் தோற்ற கதைகள்

குகேஷ் ஜெயித்த கதை எல்லோருக்கும் தெரியும். நமக்கு உபயோகப்படப்போவது அவர் தோற்ற கதைகள்.

2022 ஆகஸ்ட், மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட். குகேஷுக்கு அப்போது 16 வயது. இந்தியா 'பி' அணியின் முதல் போர்டில் உட்கார்ந்து, முதல் எட்டு ஆட்டங்களில் எட்டையும் ஜெயித்திருந்தார். 10-வது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ் எதிரில். நல்ல நிலையில் இருந்த ஆட்டம். நேரம் ஓடிக்கொண்டிருந்த நெருக்கடியில் குதிரையைத் தப்பான கட்டத்துக்கு நகர்த்தினார். ஆட்டமே கையைவிட்டுப் போனது. கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், இந்தியா 'பி' அணிக்கு வெண்கலம். சொந்த ஊருக்குப் பக்கத்தில், அத்தனை கேமராக்களுக்கு முன்னால், ஒரு ப்ளஸ் ஒன் படிக்கிற வயசுப் பையனுக்கு இது நடந்தது.

அடுத்தது 2024 ஏப்ரல், டொரண்டோ. உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் தொடர். ஏழாவது சுற்றில் அலிரெசா ஃபிரூஜாவிடம் தோற்றார். தொடரில் சரிபாதி தூரத்தில் இப்படி ஒரு அடி. தொடர் முடிந்த பிறகு குகேஷ் சொன்ன விஷயம் சுவாரஸ்யமானது. தோற்ற மறுநாள் ஓய்வு நாள். அன்றைக்கு மனசு நன்றாக இருந்ததாகவும், இந்தத் தொடர் தன்னுடையதாக இருக்கலாம் என்று அந்தத் தோல்விக்குப் பிறகுதான் உணர்ந்ததாகவும் சொன்னார். மீதியிருந்த ஏழு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 17 வயதில் கேண்டிடேட்ஸ் சாம்பியன்.

மூன்றாவது, சிங்கப்பூர். 2024 நவம்பர் 25, உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டம். கையில் வெள்ளைக் காய்கள், எதிரில் டிங் லிரென். தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் சமன் செய்தார். 11-வது ஆட்டத்தை ஜெயித்து முதல்முறையாக முன்னிலைக்கு வந்தார். மறுநாளே 12-வது ஆட்டத்தில் மோசமாகத் தோற்று மறுபடியும் சமம். அந்த ராத்திரி நீங்களோ நானோ தூங்கியிருப்போமா? டிசம்பர் 12, கடைசியான 14-வது ஆட்டம். டிரா என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது 55-வது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தப்பாக வைத்தார். குகேஷ் அதைக் கவனித்துவிட்டார். யூடியூபில் அந்தக் காட்சி இருக்கிறது, தேடிப் பாருங்கள். சட்டென்று காயைத் தூக்கவில்லை. தண்ணீர் குடித்தார். தன்னைக் கொஞ்சம் நிதானப்படுத்திக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஆடினார். ஜெயித்ததும் அடக்க முடியாமல் அழுதார். அழுதுகொண்டே காய்களைப் பழையபடி அடுக்கி வைத்தார்.

18 வயதில் உலக சாம்பியன். 'மனசைக் கல்லாக்கிக்கோ' கோஷ்டி இந்த வீடியோவைப் பார்த்தால் என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்ள ஆசை!

அந்தத் தொடருக்குத் தயாரானபோது குகேஷோடு வேலை செய்தவர் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன். 2011-ல் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய கிரிக்கெட் அணியிலும், பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஹாக்கி அணியிலும் மனநிலைப் பயிற்சியாளராக இருந்தவர். செஸ்ஸுக்குத் தனிப் பயிற்சி மாதிரி மனசுக்கும் தனிப் பயிற்சி, அதற்கென்று தனி ஆள். நமக்கு அப்டன் கிடைக்க மாட்டார். ஆனால், அந்தப் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பைசா செலவு கிடையாது.

கை ஏன் நடுங்குது?

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். முக்கியமான மேட்ச் என்று மூளை முடிவெடுத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்தம் பெரிய தசைகளுக்குத் திருப்பிவிடப்படுவதால் விரல்கள் சில்லிட்டுப்போகின்றன. ஜீரண வேலை பின்னுக்குப் போவதால் வயிறு கலக்குகிறது. மேட்ச்சுக்கு முன் மூன்று தடவை பாத்ரூம் ஓடுகிற ஆளா நீங்கள்? உங்கள் உடம்பு ஓடவும் அடிக்கவும் தயாராகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

1908-லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு பேர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். (ஆமாம், எலிகள்தான்!) அதிலிருந்து வளர்ந்த கருத்து இதுதான்: பதற்றம் சுத்தமாக இல்லாவிட்டாலும் ஆட்டம் மந்தமாக இருக்கும், அளவுக்கு மீறிப் போனாலும் கெட்டுவிடும். நடுவில் ஓர் அளவில் இருக்கும்போதுதான் நன்றாக வரும். அந்த அளவு எல்லோருக்கும் ஒன்றில்லை. பளுதூக்குபவருக்கு நிறைய வேண்டும், துப்பாக்கி சுடுபவருக்குக் குறைவாக வேண்டும். சில பேர் ஹெட்போனில் குத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு வார்ம்-அப் பண்ணுவதும், சில பேர் ஒரு மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம்.

"டென்ஷன் ஆகாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் டென்ஷன் குறைகிறதா? பெரும்பாலும் இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மற்றவர்கள் முன்னால் பாட்டுப் பாடச் சொன்னபோது, 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் பாடியவர்களைவிட, 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் பாடியவர்கள் நன்றாகப் பாடினார்கள். பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் கிட்டத்தட்ட ஒரே அறிகுறிகள்தான். நாம் வைக்கிற பெயர்தான் வேறு. அடுத்த முறை இதயம் படபடக்கும்போது "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால் எப்போது வைக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள், தடுமாறும். பழகிப்போன ஒரு வேலையைப் பார்ட் பார்ட்டாகக் கவனிக்க ஆரம்பித்தால் அது கெட்டுவிடும். சயன் பீலாக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் அனுபவமுள்ள கோல்ஃப் வீரர்களை வைத்து 2002-ல் இதைக் காட்டினார்கள். தங்கள் கை அசைவையே கவனித்துக்கொண்டு ஆடும்படி சொன்னபோது, அந்த வீரர்கள் வழக்கத்தைவிட மோசமாக ஆடினார்கள். மேட்ச்சில் நீங்கள் செய்வதும் இதைத்தான். பிராக்டீஸில் கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. மேட்ச்சில் "எல்போ மேல இருக்கா, க்ரிப் சரியா இருக்கா" என்று நீங்கள் உள்ளே புகுந்து குழப்புகிறீர்கள். டெக்னிக்கை யோசிக்க வேண்டிய இடம் நெட்ஸ். மேட்ச்சில் பந்தைப் பார்த்தால் போதும்.

பத்து விநாடி சடங்கு

எல்லா விளையாட்டிலும் ஆட்டத்துக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. பந்துக்கும் பந்துக்கும் நடுவே. டென்னிஸில் ஒரு பாயின்ட் முடிந்து அடுத்ததற்கு 25 விநாடி. வாலிபாலில் விசில் அடித்தபின் சர்வீஸ் போட 8 விநாடி. நம்முடைய மனசு ஓடிப்போவதும் அந்த இடைவெளியில்தான், பிடித்து இழுத்து வர முடிவதும் அந்த இடைவெளியில்தான்.

ரஃபேல் நடால் தண்ணீர் பாட்டில்களை லேபிள் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கி வைப்பதை மூடநம்பிக்கை என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. தலைக்குள் இருப்பதை ஒழுங்குபடுத்த வெளியே ஓர் ஒழுங்கை உண்டாக்கிக்கொள்வதாகத்தான் அவர் அதை விளக்கியிருக்கிறார். கபடியில் ரெய்டுக்குக் கிளம்பும் முன் மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிற வீரரும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறார்.

உங்களுக்கென்று ஒரு சடங்கை உருவாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்க வேண்டியவை மூன்று: ஒரு மூச்சு, ஒரு வார்த்தை, ஒரு பார்வை. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, வாய் வழியாக ஆறு எண்ணும்வரை விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதுதான் இதயத் துடிப்பைத் தணிக்கும். வார்த்தை சின்னதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும். 'பந்து', 'காலை நகர்த்து', 'மெதுவா' மாதிரி. 'ஜெயிக்கணும்' உதவாது. பார்வையை ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்துங்கள்: பேட்டின் ஸ்டிக்கர், ஷூ லேஸ், பந்தின் தையல். எல்லாம் சேர்த்துச் சுமார் பத்து விநாடிதான் ஆகும்.

இதில் முக்கியமான விஷயம், இதை மேட்ச்சில் முதன்முறையாகச் செய்யக் கூடாது. தினமும் பயிற்சியில், ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னால், ஜாலியாக இருக்கும்போதும் செய்ய வேண்டும். மூன்று வாரம் விடாமல் செய்து பாருங்கள். கை தன்பாட்டுக்கு ஸ்டிக்கரைத் தேடும்.

அவசரம் பற்றி ஒரு குறிப்பு. நார்வேயைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் என்ற ஆய்வாளர் கால்பந்து பெனால்டிகளை வருஷக்கணக்கில் அலசியவர். நடுவர் விசில் அடித்த உடனேயே ஓடிப்போய் உதைத்தவர்கள் அதிகம் தவறவிட்டார்கள் என்று கண்டார். 'சீக்கிரம் முடிஞ்சா போதும்' என்ற தவிப்புதான் காரணம். கையில் 8 விநாடி இருந்தால் அந்த எட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் உங்களுக்குச் சம்பளம் பிடிக்கப்போவதில்லை.

சொதப்பிய அடுத்த நிமிடம்

கேட்ச்சை விட்டுவிட்டீர்கள். கேப்டன் முறைக்கிறார். வெளியே உட்கார்ந்திருக்கிற கும்பல் சிரிக்கிறது. இப்போது அடுத்த பந்தும் உங்களை நோக்கியே வரும், கிரிக்கெட்டின் எழுதப்படாத விதி அது!

இந்த இடத்தில் ரோஜர் ஃபெடரர் சொன்ன ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். 2024-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பட்டமளிப்பு விழாவில் பேசியபோது சொன்னார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. அவற்றில் கிட்டத்தட்ட 80 சதவிகிதத்தை ஜெயித்திருக்கிறார். ஆனால், அந்த ஆட்டங்களில் அவர் ஜெயித்த பாயின்ட்டுகள் எவ்வளவு தெரியுமா? 54 சதவிகிதம்தான். 20 கிராண்ட்ஸ்லாம் வாங்கிய மனிதர் ஏறக்குறைய இரண்டில் ஒரு பாயின்ட்டைத் தோற்றிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தலையில் அடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தப்பு நடந்தபின் மனசுக்குள் ஒரு குரல் பேச ஆரம்பிக்கும். "நான் எப்பவுமே இப்படித்தான்... எனக்கெல்லாம் இது வராது." மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் க்ராஸ் இதற்கு ஓர் எளிய வழியைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். 'நான்' என்று பேசாமல், உங்கள் பெயரைச் சொல்லி உங்களிடமே பேச வேண்டும். "கார்த்தி, ஒண்ணு போச்சு. அடுத்த பந்தைப் பாரு." கேட்க லூசுத்தனமாக இருக்கும்தான். நண்பன் சொதப்பினால் நாம் எவ்வளவு நிதானமாகச் சொல்வோமோ அந்த நிதானம், பெயர் சொல்லிக் கூப்பிடும்போது நமக்கும் கிடைக்கிறது.

இன்னும் கொஞ்சம் முன்னேற்பாடாக இருக்க வேண்டுமா? 'இப்படி நடந்தால், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். அம்பயர் தப்பாக அவுட் கொடுத்தால், திரும்பிப் பார்க்காமல் பெவிலியன் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். ஃபாலோ-த்ரூவில் கால் வழுக்கினால், ரன்-அப்பைத் திரும்ப அளப்பேன். எதிரணி கலாய்த்தால், க்ளவுஸைக் கழற்றி மாட்டுவேன். பதற்றத்தில் மூளை புதிதாக எதையும் யோசிக்காது, எழுதி வைத்ததை மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

மனு பாக்கருக்கு 2021 டோக்கியோவில் நடந்தது இதைவிடக் கொடுமை. தகுதிச்சுற்றின் நடுவே துப்பாக்கியே பழுதாகிவிட்டது. சரிசெய்வதற்குள் நேரம் போனது. 12-வது இடம், இறுதிச்சுற்று வாய்ப்பு கிடைக்கவில்லை. 19 வயது. அடுத்து வந்த வசவுகள் வேறு. மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம், இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொன்று.

மேட்ச்சுக்கு முன்னாலேயே மேட்ச்

அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் ஏழாவதாக வந்தவர். நான்கு வருஷம் கழித்து பெய்ஜிங்கில் தங்கம், இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். கடைசி ஷாட்டுக்கு முன்னால் பின்லாந்து வீரரும் அவரும் சமநிலை. அப்போது அவர் சுட்டது 10.8. அந்த ஒலிம்பிக்குக்கு முன்னால் அவர் செய்த விநோதமான பயிற்சிகளில் ஒன்று, ஜெர்மனியில் சுமார் 40 அடி உயரக் கம்பத்தில் ஏறி உச்சியில் நின்றது. பாதியில் பயத்தில் உறைந்துபோய், பிறகு ஏறி முடித்தார். துப்பாக்கி சுடுவதற்கும் கம்பத்துக்கும் என்ன சம்பந்தம்? பயம் உடம்பில் இருக்கும்போதே அடுத்த அடியை எடுத்து வைக்கப் பழகுவதுதான் சம்பந்தம்.

தயவுசெய்து கம்பம் ஏறாதீர்கள். நம்ம கிரவுண்டிலேயே அழுத்தத்தை உண்டாக்கலாம். பயிற்சி முடியப்போகும்போது, உடம்பு களைத்த நேரத்தில், எல்லோரும் சுற்றி நின்று கத்த, ஒருவர் மட்டும் ஒரே ஒரு பெனால்டி அடிக்க வேண்டும். போட்டால் டீம் வீட்டுக்குப் போகலாம், விட்டால் எல்லோரும் ஒரு ரவுண்டு ஓட வேண்டும். கபடியில் 'டூ ஆர் டை' ரெய்டு என்று வைத்து, வேண்டுமென்றே இளைய ஆளை அனுப்புங்கள். ஸ்கோரை 23-23 என்று வைத்துக்கொண்டே செட்டை ஆரம்பியுங்கள். வேறு ஊர் கிரவுண்டில், வேறு பந்தில், உச்சி வெயிலில் ஆடிப் பாருங்கள். ஒரு நாள் பயிற்சி ஆட்டத்தில் நடுவராக நிற்கும் நண்பரிடம் ரகசியமாகச் சொல்லி வைத்து, இரண்டு தப்பான முடிவுகள் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு உண்மையைச் சொல்லிவிடுங்கள், நட்பு முக்கியம்.

அளவு மட்டும் கவனம். மாதத்தில் சில நாள் போதும். தினமும் அழுத்தம் கொடுத்தால் விளையாட்டே கசந்துவிடும்.

போன் பற்றிக் கொஞ்சம்

நீங்கள் இதைப் போனில்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் சுருக்கமாக. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. மேட்ச்சுக்கு முந்தைய ராத்திரி ஒரு மணிவரை ரீல்ஸ் பார்த்துவிட்டு மனஉறுதியைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. தோற்ற அன்று இன்ஸ்டா கமென்ட்களைத் திறக்காதீர்கள். ஜெயித்த அன்றும்தான், புகழ்ச்சியிலேயே மிதந்து பழகியவருக்குத் திட்டு வாங்கும்போது இரண்டு மடங்கு வலிக்கும்.

இதற்குப் பெயர் மனஉறுதி கிடையாது

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையிலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. 'டஃப் ஆக்குறேன்' என்ற பெயரில் நம்ம மைதானங்களில் நிறைய அநியாயம் நடக்கிறது. கன்னத்தில் அறைவது, குச்சியால் அடிப்பது, எல்லார் முன்னாலும் சாதியையோ உடம்பையோ சொல்லித் திட்டுவது, வெயிலில் தண்ணீர் தராமல் ஓடவிடுவது. இதெல்லாம் பயிற்சி கிடையாது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை உடல்ரீதியாகவோ மனரீதியாகவோ தண்டிப்பதைத் தடை செய்கிறது. பி.இ.டி. பீரியடுக்கு அதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. பயந்து ஆடுகிற பிள்ளை தப்பை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். திரும்பி வரக் கற்றுக்கொள்ளாது.

கோச் கண்டிப்பாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். "இன்னைக்கு உன் ஃபுட்வொர்க் சரியில்ல, நாளைக்கு அரை மணி முன்னாடி வா" என்று சொல்பவர் கண்டிப்பான கோச். "நீயெல்லாம் எதுக்குடா வந்த" என்று கேட்பவர் வேறு ரகம்.

அடிபட்டதை மறைத்து ஆடுவதும் வீரம் இல்லை. முட்டி வீங்கியிருக்கிறது, ஆனால் செலக்‌ஷன் இருக்கிறதே என்று ஸ்ப்ரே அடித்துக்கொண்டு இறங்குகிறீர்கள். வேர்க்க விறுவிறுக்கக் களைத்துப்போகிற வலி வேறு, குத்துகிற, வீங்குகிற, ராத்திரியும் விடாத வலி வேறு. இரண்டாவது வகைக்கு டாக்டரிடம் போக வேண்டும். பெண் பிள்ளைகள் பீரியட்ஸ் வலியைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதும் இதில் சேர்ந்ததுதான். மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோனால், 'நல்லதுதான், தொல்லை விட்டது' என்று இருந்துவிடாதீர்கள். பயிற்சிக்குத் தேவையான சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

சிமோன் பைல்ஸ் 2021 டோக்கியோவில் அணி இறுதிப்போட்டியில் ஒரு வால்ட் ஆடிவிட்டு விலகினார். காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே தவறிப்போயிருந்தது. அந்த நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கலாம். 'பாதியில் ஓடிவிட்டார்' என்று உலகமே பேசியது. ஒரு வாரம் கழித்து பீம் போட்டிக்கு வந்து வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. விலகிய அந்த முடிவைத்தான் அவர் வாழ்க்கையின் உறுதியான முடிவு என்பேன்.

நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம், ஜெமிமா ரோட்ரிக்ஸ். 2025 அக்டோபர் 30, மகளிர் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 ரன் இலக்கு. ஆட்டமிழக்காமல் 127 அடித்து இந்தியாவைக் கரைசேர்த்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதுதான் பல பேர் மனதில் நின்றது. அந்தத் தொடரில் தான் கடும் பதற்றத்தில் இருந்ததையும், அம்மாவுக்கு போன் போட்டு அழுததையும், நடுவில் அணியிலிருந்து நீக்கப்பட்டதையும் மறைக்காமல் சொன்னார். சக வீராங்கனைகள் பெரிய அறிவுரை எதுவும் சொல்லாமல் கூடவே இருந்ததையும் சொன்னார். உங்கள் டீமில் ஒருவர் கொஞ்ச நாளாக அமைதியாகிவிட்டால், நீங்கள் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, கிரவுண்டுக்குப் போகவே பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், மூச்சுப் பயிற்சியை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். 'டெலி மானஸ்' எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கோச்சோ வேறு யாரோ அடித்தாலும், தப்பாகத் தொட்டாலும், 18 வயதுக்குள் இருப்பவர்கள் 1098-க்கு அழைக்கலாம். அந்தக் கோச் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

இந்தப் பகுதியை அப்பா, அம்மாவுக்கு ஃபார்வேர்டு பண்ணுங்க

மேட்ச் முடிந்து வண்டியில் வீட்டுக்குத் திரும்புகிற அந்த இருபது நிமிடம்தான் பல பிள்ளைகளுக்கு மேட்ச்சைவிடக் கஷ்டமானது. "அவன் மட்டும் எப்படி அடிச்சான்? உனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தது எவ்ளோ தெரியுமா?" என்று ஆரம்பித்தால், அடுத்த மேட்ச்சில் உங்கள் பிள்ளை பந்தைப் பார்க்காது, கேலரியில் உங்கள் முகத்தைப் பார்க்கும். ஆட்டத்தைப் பற்றி அன்றைக்கே பேசித்தான் ஆக வேண்டுமா? "பசிக்குதா? பரோட்டா சாப்பிட்டுப் போலாமா?" போதும். பேச்சை எடுப்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

ஜெயித்தாலும் எதைப் பாராட்டுகிறோம் என்பது முக்கியம். கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பள்ளிக் குழந்தைகள், அடுத்துக் கஷ்டமான கேள்விகள் வந்து தடுமாறியபோது சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். 'நன்றாக முயற்சி செய்தாய்' என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். 'உனக்குப் பிறவித் திறமைடா' என்பது கேட்க இனிக்கும். ஆனால் அடுத்த தோல்வியில், 'அப்போ அந்தத் திறமை எனக்கு இல்லையோ' என்று அதுவே திருப்பி அடிக்கும். "ரெண்டு விக்கெட் போனப்புறமும் நீ அவசரப்படல பாரு, அது சூப்பர்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

பப்ளிக் எக்ஸாம் வருஷம் வந்ததும் விளையாட்டை ஒரேயடியாக நிறுத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம். நேரத்தைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. முழுக்கப் பிடுங்கிவிட்டால், அழுத்தம் கூடுகிற வருஷத்தில் அதைச் சமாளிக்கிற இடத்தையும் பிடுங்கியதாகிவிடும். வாரத்தில் மூன்று சாயங்காலமாவது விட்டுக்கொடுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

மறுபடியும் வீரர்களிடம் வருகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மேட்ச்சுக்குப் பிறகும், அன்றைக்கே வேண்டாம், மறுநாள் காலையில் மூன்று வரி எழுதுங்கள். நன்றாகச் செய்த ஒன்று. சொதப்பிய ஒன்று. சொதப்பிய பிறகு எத்தனை பந்தில், எத்தனை பாயின்ட்டில் ஆட்டத்துக்குத் திரும்பினீர்கள் என்பது மூன்றாவது வரி. ரன், கோல், மெடல் கணக்கெல்லாம் அதில் வேண்டாம், அதை எழுதி வைக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் அந்த மூன்றாவது வரி இப்படி இருக்கும்: 'கேட்ச் விட்டேன். மேட்ச் முடியுறவரைக்கும் அதே நெனப்பு.' சில மாதங்கள் கழித்து, 'ரெண்டு ஓவர்' என்று எழுதுவீர்கள். அப்புறம் ஒரு நாள், 'மூணு பந்து' என்று. அடுத்த டோர்னமென்ட்டுக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னலோர சீட்டைப் பிடித்து, முதல் பக்கத்திலிருந்து அந்த மூன்றாவது வரிகளை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு போங்கள்.